ஹோலிரூடில் அரசாங்கத்தை உண்மையிலேயே கேள்வி கேட்பது யார்?

லீத்வாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எடின்பரோவில் லீத் பகுதியில் இருக்கிறோம். இந்தியக் குடியுரிமைதான். ஆனால் காமன்வெல்த் நாட்டவர் என்பதால் ஹோலிரூட், அதாவது ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலில் எங்களுக்கும் ஓட்டு உண்டு, தவறாமல் போடுகிறோம். ஓட்டுப் போட்ட பிறகு அந்த அவைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு ஃபர்ஸ்ட் மினிஸ்டர், அதாவது இங்குள்ள முதல்வர், பதில் சொல்லும் நேரத்தைச் சாப்பாட்டு இடைவேளையில் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. முக்கால் மணி நேரம். எதிர்க்கட்சித் தலைவர் ஒரு நோயாளி பட்ட பாட்டைச் சொல்லிக் கேட்கிறார். முதல்வர் வருத்தம் தெரிவிக்கிறார், அப்புறம் லண்டனில் இருக்கும் வெஸ்ட்மின்ஸ்டர் நாடாளுமன்றம் தரும் பணம் போதவில்லை என்கிறார். கைதட்டல், கூச்சல். அடுத்த வாரம் வேறொரு நோயாளி. முதல் ஆளுக்கு என்ன ஆயிற்று என்று யாரும் திரும்பக் கேட்டு நான் பார்த்ததில்லை.

லண்டனில் பிரபுக்கள் சபை என்று ஒன்று இருக்கிறது. மசோதாவில் ஓட்டை இருந்தால் திருப்பி அனுப்புகிறார்கள். இங்கே 129 பேர் கொண்ட ஒரே அவை. தமிழ்நாட்டில் 1986ல் மேலவையைக் கலைத்த பிறகு இருக்கும் நிலை மாதிரிதான். குழுக்கள்தான் மேலவை செய்யும் வேலையைச் செய்கின்றன என்று படித்தேன். அந்தக் குழுக்களில் இருப்பவர்களும் கட்சிக்காரர்கள்தானே? கொறடா சொல்வதை மீறிவிடுவார்களா? அதிலும் 2007லிருந்து ஒரே கட்சிதான் ஆட்சியை நடத்தி வந்திருக்கிறது.

இப்போது ஏன் கேட்கிறேன் என்றால், என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். அவள் துறை சம்பந்தமாக ஒரு குழு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருப்பதாக வேலையிடத்தில் மின்னஞ்சல் வந்தது. என்ஹெச்எஸ் (அரசு மருத்துவச் சேவை) நோயாளியாகச் சேர இடமில்லை என்று நாள் முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருப்பவள் அவள். எழுத நிறைய இருக்கிறது. எழுதினால் யாராவது படிப்பார்களா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கிரானைட்நகர் எழுதியது:

எழுத வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எதிர்பார்ப்பை மட்டும் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

அபர்டீனில் இருபது வருடமாக இருக்கிறேன். எனக்கு மறக்காதது முன்னாள் முதல்வர் அலெக்ஸ் சால்மண்ட் விவகாரம். அவர் மீது வந்த புகார்களை அரசு விசாரித்த முறை சட்டப்படி செல்லாது என்று 2019 ஜனவரியில் நீதிமன்றத்தில் அரசே ஒப்புக்கொண்டது. வழக்குச் செலவாக 5,12,250 பவுண்டு மக்கள் பணத்திலிருந்து போனது. என்ன நடந்தது என்று பார்க்க நாடாளுமன்றம் ஒன்பது பேர் குழு அமைத்தது. வழக்கறிஞர்கள் என்ன ஆலோசனை சொன்னார்கள் என்ற காகிதத்தைக் கேட்டது. அரசு தரவில்லை. 2020 நவம்பரில் முழு அவையும் ஓட்டெடுத்து "கொடு" என்றது. ஒருமுறை இல்லை, அந்த ஒரே மாதத்தில் இரண்டு முறை. அப்போதும் தரவில்லை. துணை முதல்வர் ஜான் ஸ்வின்னி மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வரும் என்ற நிலை வந்த பிறகுதான், 2021 மார்ச்சில், காகிதங்கள் வெளியே வரத் தொடங்கின.

1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டத்தைப் படித்தால் குழுக்களுக்கு நல்ல அதிகாரம் இருக்கிறது. சாட்சியை வரவழைக்கலாம், ஆவணத்தைக் கேட்டு வாங்கலாம், காரணமில்லாமல் மறுப்பவருக்கு மூன்று மாதம் வரை சிறைகூட உண்டு. ஆனால் அவை நிறைவேற்றும் சாதாரணத் தீர்மானத்துக்கு அந்தப் பிடி கிடையாது. இரண்டு முறை தோற்ற பிறகும் அரசு பேசாமல் இருக்க முடிந்தது என்பதை நான் மறக்க மாட்டேன்.

இன்னொன்று. சுகாதார அமைச்சராக இருந்த மைக்கேல் மேதிசனின் ஐபேடில் மொராக்கோ விடுமுறையின்போது ஏறக்குறைய 11,000 பவுண்டு ரோமிங் கட்டணம் ஏறியது. முதலில் அது பொதுப் பணத்தில் கட்டப்பட்டது. செய்தித்தாள்களில் வெடித்த பிறகு அவர் தன் பணத்தைக் கட்டினார், 2024 பிப்ரவரியில் பதவி விலகினார், 27 அமர்வு நாட்கள் இடைநீக்கமும் ஆனார். உறுப்பினராகத் தொடர்ந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் உறுப்பினராக இருந்திருந்தால் அவ்வளவு நாள் இடைநீக்கத்துக்குத் தொகுதி மக்கள் கையெழுத்திட்டு இடைத்தேர்தல் கேட்கும் வழி திறந்திருக்கும். 2015ல் வந்த அந்தச் சட்டம் ஹோலிரூடுக்குப் பொருந்தாது.

இரவுப்பணி எழுதியது:

லீத்வாசி, உங்கள் மனைவி கண்டிப்பாக எழுதட்டும். கிரானைட்நகர் அண்ணா சொன்னது எதையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் சொன்னது எல்லாம் அரசியல்வாதிகளின் நடத்தை பற்றிய சண்டைகள். தினசரி ஆய்வு நடக்கும் இடம் வேறு. செவ்வாய், புதன், வியாழன் காலைகளில் குழு அறைகளில் நடக்கிறது. அங்கே கூச்சல் இல்லை, அதனால் செய்தியிலும் வருவதில்லை.

நான் பெய்ஸ்லி பக்கம் ஒரு கேர் ஹோமில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன், தொழிற்சங்கப் பிரதிநிதியாகவும் இருக்கிறேன். 2022 ஜூனில் தேசியப் பராமரிப்புச் சேவை மசோதா வந்தது. முதியோர், மாற்றுத்திறனாளிகள் பராமரிப்பை முனிசிபல் கவுன்சில்களிடமிருந்து எடுத்து அமைச்சர்களின் பொறுப்பில், புதிய பராமரிப்பு வாரியங்கள் மூலம் நடத்துவது என்ற திட்டம். கேட்டதும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இவ்வளவு நாளாக எங்கள் வேலையை யாரும் தேசிய விஷயமாகப் பார்க்கவில்லையே என்ற ஏக்கம் எங்கள் எல்லோருக்கும் உண்டு.

மசோதாவை இரவு ஓய்வு நேரத்தில் உட்கார்ந்து படித்தேன். முக்கியமான இடங்களில் எல்லாம் "அமைச்சர்கள் விதிமுறைகள் மூலம் வகுக்கலாம்" என்கிற மாதிரியான வரிதான். வாரியத்தில் யார் இருப்பார்கள், எங்கள் வேலை யாரிடம் போகும், கவுன்சில் ஊழியர்கள் மாற்றப்படுவார்களா, எல்லாமே பிறகு. ஒரு வீட்டுக்கு அஸ்திவாரம், தூண் எதுவும் காட்டாமல் வாசல் கதவை மட்டும் வைத்துக் கையெழுத்துக் கேட்பது போல இருந்தது.

அந்தக் கோடையில் சுகாதாரக் குழு கருத்துக் கேட்டது. நான் ஒரே ஒரு விஷயம் எழுதினேன். எங்கள் தளத்தில் இரவில் இரண்டு பேர். ஒருவர் விழுந்துவிட்டால் தூக்க இரண்டு பேரும் போக வேண்டும், ஹாய்ஸ்டை (ஆளைத் தூக்கும் கருவியை) தனி ஆளாக இயக்கக் கூடாது. அந்த நேரத்தில் மற்ற அறைகளில் மணி அடித்தால் கேட்க ஆள் இல்லை. பணியாளர் எண்ணிக்கை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்கு 2019லேயே இந்த நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 2022ல் நான் எழுதும்போது அது அமலுக்கு வரவில்லை. "போட்ட சட்டத்தை முதலில் எங்கள் தளத்துக்குக் கொண்டுவாருங்கள், அப்புறம் புதிதாக அமைப்பு கட்டலாம்" என்று எழுதினேன். அந்தச் சட்டம் கடைசியில் 2024 ஏப்ரல் 1 அன்றுதான் அமலானது. நடுவில் கோவிட் வந்தது உண்மை. அதற்காக ஐந்து வருடத்தை ஏற்றுக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அந்த ஐந்து வருடத்தில் எத்தனை பேர் மணி அடித்துவிட்டுக் காத்திருந்தார்கள் என்பது எந்த அறிக்கையிலும் வராது.

சரி, என் கடிதத்தை யார் படித்தார்கள்? குழுவின் அலுவலர்கள் படிக்கிறார்கள். அவர்கள் கட்சிக்காரர்கள் இல்லை, நாடாளுமன்ற ஊழியர்கள். வந்த கருத்துகளைத் தொகுத்து உறுப்பினர்களுக்குக் கொடுக்கிறார்கள். சாட்சி சொல்ல யாரைக் கூப்பிடுவது, அமைச்சரிடம் என்ன கேட்பது என்பதெல்லாம் அங்கிருந்துதான் உருவாகிறது. குழுவின் அறிக்கையில் என் பெயர் இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. என்னைப் போலக் கிட்டத்தட்ட ஒரே விஷயத்தை வேறு வேறு ஊரிலிருந்து பலர் எழுதினால், அது புகார் என்ற நிலையிலிருந்து சாட்சியம் என்ற நிலைக்கு வருகிறது.

அடுத்து உங்கள் கொறடா கேள்வி. அந்த மசோதாவில் அரசுக்குப் பெரிய அடி கொடுத்தது எது தெரியுமா? நிதிக் குழு. மசோதாவோடு ஒரு நிதிக் குறிப்பு வைக்க வேண்டும் என்பது விதி. ஐந்து வருடத்துக்கு 64.4 கோடி பவுண்டிலிருந்து 126 கோடி பவுண்டு வரை ஆகலாம் என்று அதில் இருந்தது. கீழ்மதிப்புக்கும் மேல்மதிப்புக்கும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வித்தியாசம். எதைச் சேர்த்தார்கள், எதை விட்டார்கள் என்று நிதிக் குழு துருவியது. 2022 டிசம்பரில் வந்த அறிக்கை கடுமையாக இருந்தது. புதிய நிதிக் குறிப்பு கொண்டுவாருங்கள் என்றது. அந்தக் குழுவின் அன்றைய தலைவர் கென்னத் கிப்சன், ஆளும் எஸ்என்பி கட்சிக்காரர். கட்சி விசுவாசம் எல்லா இடத்திலும் கண்ணை மறைக்கிறது என்று பொதுவாகச் சொல்லிவிட முடியாது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் இதுதான். கணக்கு என்று வந்துவிட்டால் சில உறுப்பினர்கள் கணக்கைத்தான் பார்க்கிறார்கள்.

அமைச்சர்களுக்குத் தரும் விதிமுறை அதிகாரங்களைப் பார்க்கும் குழுவும் கேள்வி எழுப்பியது. தொழிற்சங்கங்கள், கவுன்சில்களின் கூட்டமைப்பான கோஸ்லா, எல்லோரும் குழுக்களில் வந்து பேசினார்கள். முதல் கட்டமே 2024 பிப்ரவரி வரை தள்ளிப் போனது. 2025 ஜனவரியில் தேசியச் சேவை என்ற பகுதியையே கைவிடுகிறோம் என்று அமைச்சர் அறிவித்தார். மிச்சம் வேறு பெயரில் சட்டமானது. கேர் ஹோமில் இருப்பவரைக் குடும்பத்தார் வந்து பார்க்கும் உரிமை அதில் இருக்கிறது. கோவிட் காலத்தில் ஜன்னலுக்கு வெளியே நின்று அழுத பிள்ளைகளைப் பார்த்தவள் நான். அந்தப் பிரிவு பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சி.

ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அரசு கைவிட்ட நேரத்தில் அந்தத் திட்டத்தின் மேல் ஏறக்குறைய 3 கோடி பவுண்டு செலவாகியிருந்தது. கேள்வியை 2022லேயே கேட்டாகிவிட்டது. பதில் கிடைக்க இரண்டரை வருடம் ஆனது. ஆய்வு நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். நடந்தது, நன்றாகவே நடந்தது. அதை அரசு காதில் போட்டுக்கொள்ள எடுத்த காலம்தான் என் கோபம்.

லீத்வாசி எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு மிகவும் நன்றி அக்கா. மனைவிக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். அவளுக்கு ஒரு பயம்: பெயர் போட்டு எழுதினால் வேலையிடத்தில் பிரச்சினை வருமா? எனக்கும் ஒரு கேள்வி. குழு கண்டுபிடித்துச் சொன்ன பிறகும் அரசு செய்யவில்லை என்றால், அடுத்து யார் கேட்பது?

கிளைட்கரை எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு எங்கள் ஊரிலிருந்து பதில் சொல்கிறேன். போர்ட் கிளாஸ்கோவில் நியூவார்க் கோட்டைக்குப் பக்கத்தில்தான் ஃபெர்குசன் கப்பல் தளம். இரண்டு படகுகளைப் பல வருடம் அங்கேயே பார்த்தோம். வேலைக்குப் போகும்போது பார்ப்போம், வரும்போது பார்ப்போம், அவை அதே இடத்தில் இருக்கும்.

2015ல் 9.7 கோடி பவுண்டுக்கு ஒப்பந்தம், 2018ல் படகுகள் ஓட வேண்டும். 2017 நவம்பரில் அவற்றில் ஒன்றான கிளென் சானக்ஸை நீரில் இறக்கி விழா எடுத்தார்கள். அன்றைக்குப் படகை ஓட்டும் அறையில் கண்ணாடி ஜன்னல் இல்லை, ஜன்னல் மாதிரி கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். 2019ல் தளம் திவாலாகி அரசு கையில் வந்தது. கிளென் சானக்ஸ் பயணிகளை ஏற்றியது 2025 ஜனவரியில். அந்தப் படகுக்காகக் காத்திருந்த ஆரன் தீவுக்காரர்கள் பழைய படகு பழுதாகும் ஒவ்வொரு நாளும் மருத்துவமனைத் தேதியைத் தவறவிட்டுக்கொண்டிருந்த வருடங்கள் அவை. வந்த படகும் ஆர்ட்ராசன் துறைமுகத்தில் நிற்க முடியாத அளவு பெரிது, டிரூனிலிருந்துதான் ஓட வேண்டியிருந்தது.

நாடாளுமன்றம் தூங்கவில்லை. 2020 டிசம்பரில் ஒரு குழு மிகக் கடுமையான அறிக்கை கொடுத்தது. 2022 மார்ச்சில், பொதுப் பணச் செலவைத் தணிக்கை செய்யும் ஆடிட் ஸ்காட்லாந்தின் அறிக்கை. தலைமைத் தணிக்கையாளர் ஸ்டீபன் பாயில் அரசாங்கத்தில் ஒருவர் இல்லை, நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவர். அவர் கண்டுபிடித்த விஷயம் எனக்கு இன்னும் ஆறவில்லை. தளம் முழுப் பணத்துக்கும் உத்தரவாதம் தர முடியாது என்று தெரிந்திருந்தது. படகுகளை வாங்கும் அரசு நிறுவனமே கவலை தெரிவித்திருந்தது. அதற்கு மேலும் ஒப்பந்தத்தைக் கொடுக்க அமைச்சர்கள் ஏன் சம்மதித்தார்கள் என்பதை விளக்கும் போதுமான ஆவணம் இல்லை என்றார். மே மாதம் ஒரு மின்னஞ்சல் கிடைத்தது என்று அரசு வெளியிட்டது. அமைச்சர் சம்மதித்தார் என்பது அதில் இருந்தது. எதை எடைபோட்டுச் சம்மதித்தார் என்ற விளக்கம் இல்லை.

அதற்குப் பிறகு பொதுத் தணிக்கைக் குழு, லேபர் கட்சியின் ரிச்சர்ட் லெனர்ட் தலைமையில், ஒப்பந்தம் கொடுத்தபோது அமைச்சராக இருந்த டெரெக் மெக்கேயை வரவழைத்துக் கேட்டது. 2023 மார்ச்சில் அறிக்கை. எவ்வளவு கூர்மையாகக் கேட்டாலும், எழுதி வைக்காத காகிதத்தை எந்தக் குழுவாலும் வரவழைக்க முடியாது. கேள்வி கேட்கும் அதிகாரம், சாட்சியை வரவழைக்கும் அதிகாரம் எல்லாம், முடிவெடுத்த அன்றைக்கு யாரோ ஒரு அதிகாரி இரண்டு பக்கம் குறிப்பு எழுதி வைத்திருந்தால்தான் வேலை செய்யும். வெள்ளையடிக்காத அந்தக் குறிப்புக்காகத்தான் நாம் சண்டை போட வேண்டும் என்பது என் வாதம்.

யார் அடுத்துக் கேட்பது என்கிறீர்கள். படகு விஷயத்தில் அடுத்தடுத்த குழுக்கள் கேட்டன, ஊர்க்காரர்கள் விடவில்லை, பத்திரிகைகள் விடவில்லை. இவ்வளவு பேர் விடாமல் பிடித்த விஷயத்துக்கே இந்தக் கதி. யாரும் பிடிக்காத விஷயம் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

கிளைட்கரை சொன்ன காகித விஷயத்தை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் வேலையிலும் இரவில் நடந்ததை அன்றிரவே எழுதாவிட்டால் காலையில் அது நடக்கவில்லை என்றே ஆகிவிடும்.

லீத்வாசி, பெயர் பற்றி முதலில். கருத்துப் படிவத்திலேயே பெயரோடு வெளியிடலாமா, பெயரில்லாமல் வெளியிடலாமா என்று கேட்பார்கள். பெயரில்லாமல் என்று தேர்ந்தெடுக்கட்டும். சந்தேகம் இருந்தால் குழு அலுவலகத்துக்கு மின்னஞ்சல் போட்டுக் கேட்கலாம், பதில் போடுவார்கள். மருத்துவமனையின் பெயர், முதலாளி பெயர், நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் எழுத வேண்டாம். "நாங்கள்" என்று பொதுவாக எழுதாமல் தான் கண்டதை எழுதட்டும்: ஒரு திங்கட்கிழமை காலையில் இடம் கேட்டு எத்தனை அழைப்பு வந்தது, எத்தனை பேருக்கு இல்லை என்று சொன்னாள், இல்லை என்றதும் அவர்கள் அடுத்து எங்கே போவதாகச் சொன்னார்கள். அந்தக் கடைசி விஷயம் எந்த அரசுப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. வரவேற்பில் இருப்பவருக்குத்தான் தெரியும். ஒரு பக்கம், ஒன்றரைப் பக்கம் போதும். தீர்வு என்ன என்று அவள் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை.

இப்போது "அடுத்து யார் கேட்பது". என் மனதில் ரொம்ப நாளாக இருக்கும் விஷயம் இதுதான். ஹோலிரூடில் கேள்வி கேட்பதில் குறை குறைவு. திரும்பப் போய்ப் பார்ப்பதில்தான் பெரிய குறை. குழு அறிக்கை கொடுக்கிறது, அரசு பதில் கடிதம் எழுதுகிறது, "கவனத்தில் கொள்கிறோம்" என்று முடிகிறது. ஆறு மாதத்தில் குழுவில் இரண்டு பேர் மாறிவிடுகிறார்கள், ஒருவர் அமைச்சராகிவிடுகிறார். தேர்தல் வந்தால் குழுவே கலைகிறது. புது ஆட்கள் வந்து முதலிலிருந்து படிக்கிறார்கள். மொத்தமே 129 பேர். அமைச்சர்களையும் அவைத் தலைவரையும் கழித்தால் மிச்சம் இருப்பவர்களில் பலருக்கு இரண்டு குழு. செவ்வாய் காலை ஒன்று, புதன் காலை இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் நூறு பக்கம் காகிதம். நிறைவேறிய சட்டம் ஊரில் எப்படி நடக்கிறது என்று போய்ப் பார்க்க அவர்களுக்கு எங்கே நேரம்? 2019 பணியாளர் சட்டம் ஐந்து வருடம் கிடந்தது இப்படித்தான் என்பது என் எண்ணம்.

குழுத் தலைவர்களை அவையே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று 2017ல் நாடாளுமன்றச் சீர்திருத்த ஆணையம் சொன்னது. வெஸ்ட்மின்ஸ்டரில் 2010லிருந்து அப்படித்தான், வேல்ஸில் 2016லிருந்து. இங்கே 2021ல் வந்த அவையிலும் கட்சிகள் பங்கு பிரித்துத் தங்கள் ஆளை நியமிக்கும் பழைய முறையே தொடர்ந்தது. தேர்தலில் ஜெயித்து வந்த தலைவரைக் கட்சி நினைத்தபோது மாற்ற முடியாது. ஒரே ஆள் ஐந்து வருடம் உட்கார்ந்து ஒரு விஷயத்தைத் துரத்தலாம். எனக்கு இதில் நம்பிக்கை இருக்கிறது.

அதுவரைக்கும் திரும்பக் கேட்கும் வேலை நம் தலையில்தான். வழி இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் எட்டு எம்எஸ்பிகள் (ஸ்காட்லாந்து நாடாளுமன்ற உறுப்பினர்கள்): தொகுதிக்கு ஒருவர், மண்டலத்துக்கு ஏழு பேர். எட்டுப் பேருக்கும் எழுதலாம் என்பது நம் ஆட்களில் பலருக்குத் தெரிவதில்லை. ஆளுங்கட்சிக்காரர் பதில் போடவில்லையா, மண்டலத்தில் எதிர்க்கட்சிக்காரர் இருப்பார். அவரிடம் "இதை எழுத்துமூலக் கேள்வியாகக் கேளுங்கள்" என்று சொல்லுங்கள். வழக்கமாகப் பத்து வேலை நாளுக்குள் அமைச்சர் பதில் தர வேண்டும், பதில் எல்லோரும் பார்க்கும்படி எண்ணோடு இணையத்தில் நிற்கும். ஆறு மாதம் கழித்து அந்த எண்ணைக் காட்டி "அன்றைக்கு இப்படிச் சொன்னீர்களே" என்று கேட்கலாம். வியாழக்கிழமை கூச்சலைவிட எனக்கு அந்த எண் பெரிது.

அப்புறம் தகவல் அறியும் உரிமை. 2005லிருந்து இங்கே அமலில் இருக்கிறது. அரசு, கவுன்சில், என்ஹெச்எஸ் வாரியம் எதுவானாலும் இருபது வேலை நாளுக்குள் பதில். மறுத்தால் மறுபரிசீலனை கேட்கலாம், அதிலும் திருப்தி இல்லை என்றால் செயின்ட் ஆண்ட்ரூஸில் இருக்கும் தகவல் ஆணையரிடம் போகலாம். தனியார் நடத்தும் கேர் ஹோம்கள் இதற்குள் வராதது எங்கள் சங்கத்துக்குத் தீராத வருத்தம். மக்கள் பணம் போகும் இடத்தில் மக்கள் கேள்வியும் போக வேண்டும்.

மனுவும் ஒரு வழி. இங்கே ஒரே ஒரு கையெழுத்துப் போதும், குழு எடுத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். கருப்பை இறக்கத்துக்கும் சிறுநீர்க் கசிவுக்கும் வைத்த மெஷ் வலையால் உடம்பு பாழான பெண்கள் 2014ல் மனு கொடுத்தார்கள். குழு அறையில் சக்கர நாற்காலியில் வந்து உட்கார்ந்து பேசினார்கள். அந்த வருடமே அந்தச் சிகிச்சையை நிறுத்தி வைக்கச் சொல்லி சுகாதார அமைச்சர் வாரியங்களைக் கேட்டார். ஆனாலும் சில இடங்களில் தொடர்ந்தது, அவர்கள் விடவில்லை, திரும்பத் திரும்ப வந்தார்கள். 2018ல் முழுமையாக நின்றது. வலையை அகற்றத் தனியாரிடம் பணம் கட்டியவர்களுக்கு அதைத் திருப்பித் தர 2022ல் சட்டமே வந்தது. எட்டு வருடம். யாருக்கும் அரசியல் பின்னணி கிடையாது.

கிரானைட்நகர் எழுதியது:

மெஷ் விஷயம் எனக்கு நினைவில் இருக்கிறது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரவுப்பணி, உடம்பு நோகும் பெண்கள் எட்டு வருடம் அலைந்துதான் ஒரு அரசு நகர வேண்டுமா? குழுத் தலைவரை ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லதுதான். அதோடு குழுவின் பரிந்துரையை அரசு ஏற்றால் எந்தத் தேதிக்குள் செய்யும், ஏற்காவிட்டால் ஏன், என்று அவையில் வந்து சொல்லும் கட்டாயமும் வேண்டும். கடிதம் போதாது.

இரவுப்பணி எழுதியது:

அண்ணா, அதில் நமக்குள் சண்டையே இல்லை. தேதி இல்லாத பதிலைப் பதிலாகக் கணக்கில் எடுக்கக் கூடாது.

லீத்வாசி, கடைசியாக ஒன்று. குழுவின் பக்கத்தில் வரப்போகும் கூட்டங்களின் அட்டவணை இருக்கும். அமைச்சர் எந்தக் காலை வந்து பதில் சொல்லப் போகிறார் என்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால், மனைவி அனுப்பிய கருத்தின் முக்கியமான இரண்டு வரியை, அந்தக் குழுவில் இருக்கும் உங்கள் மண்டல எம்எஸ்பி யாராவது இருந்தால் அவருக்கு அனுப்புங்கள். இல்லையென்றால் குழுத் தலைவருக்கே அனுப்பலாம். கூட்டம் இணையத்தில் நேரலையாக வரும், பேசியது எல்லாம் வரிக்கு வரி எழுத்தாகவும் பிறகு கிடைக்கும். கேட்டார்களா என்று அதில் தேடிப் பாருங்கள். கேட்கவில்லை என்றால் அந்த எம்எஸ்பிக்கு மறுபடியும் எழுதுங்கள்.